மருளச்சம்: துப்பு துலங்கிய பிறகு வரும் பயம்

மனித அறிவுக்கு எட்டாத ஒன்றின் முன் வரும் திகிலைச் சொல்லும் ‘காஸ்மிக் ஹாரர்’ என்ற கதைவகையைப் பலரும் ‘பிரபஞ்சத் திகில்’ என்றோ ‘அண்டத் திகில்’ என்றோ எழுதுகிறார்கள். இரண்டுமே விண்கலம், வேற்றுக்கிரகம் என்று வாசகரைத் திசைமாற்றிவிடும். ‘அமானுஷ்யம்’ இன்னும் பொருந்தாது. நம் பேய்க்கு ஒரு குறை உண்டு. கேட்டுத் தீர்த்தால் போய்விடும். இந்தக் கதைகளில் வருவதற்கு மனிதர்மேல் கோபமே இல்லை, மனிதர் அதன் கணக்கிலேயே இல்லை. பேய்க்கதைப் பயம் வேறு, இது வேறு என்று அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927இல் வந்த கட்டுரையொன்றில் பிரித்துக் காட்டினார்.

தமிழில் இதற்கு இடம் எப்போதோ போட்டு வைத்திருக்கிறது. உணர்ச்சிகளைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் மருட்கையும் (வியப்பு) அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அச்சம் பிறப்பது நான்கால்: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போன்ற தலைவர்). பேய்க்கதையும் கொலைக்கதையும் இதற்குள் அடங்கிவிடும். மருட்கை பிறப்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால். ‘மதிமை சாலா மருட்கை’ என்கிறது நூற்பா. மதி போதாமல் போகும் இடம் அது. சாமி வந்தவரை ‘மருள் வந்து ஆடுகிறார்’ என்கிறோமே, அதே மருள்தான். அச்சத்தோடு அதைச் சேர்த்தால் மருளச்சம். இதைவிடக் கச்சிதமான சொல் கிடைக்காது.

இனி ‘துப்பறியும் கதை’ என்பதில் உள்ள ‘துப்பு’. இச்சொல்லுக்கு வலிமை, திறமை என்ற பொருளும் உண்டு. ‘துப்புக்கெட்டவன்’ என்ற வசவில் அது இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘க்ளூ’ நூலுருண்டையைக் குறித்த சொல். நாமும் ‘நூல் பிடித்துப் போனான்’ என்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் துப்பறியும் நாவலை ‘ரொமான் பொலிசியே’ என்பார்கள். அது போலீஸை வைத்து வந்த பெயர். நம்முடையது தடயத்தை வைத்து வந்தது, அதனால் மேல். ‘மர்ம நாவல்’ வேறு: மர்மம் என்பது உடலின் உயிர்நிலை, வர்மமும் அதே சொல்தான். மறைந்திருப்பதைத்தான் அது சொல்லும், தேடுவதைச் சொல்லாது.

குறும்பான துப்பறியும் கதையில் மருளச்சத்தைக் கலப்பது எப்படி? கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் ஒரு கொலை என்று வைத்துக்கொள்வோம். துப்பறிபவர் டீக்கடையில் எல்லோரையும் கிண்டலடித்தபடி, படகின் பக்கவாட்டில் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டும் உப்புக்கோடு காய்ந்திருப்பதைப் பார்த்துக் கயிறு அவிழ்ந்த நேரத்தைக் கணக்கிடுகிறார். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். அதனால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் அதிகாலை 4.10, மறுநாள் 5.00. கொலையாளி சிக்குகிறான். மூன்றாம் நாள் 5.50க்கு ஏறவேண்டிய தண்ணீர் 3.20க்கே ஏறி நிற்கிறது.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். உடனே கடலிலிருந்து ஒரு பூதத்தைக் கிளப்பிவிடுவார்கள். பூதத்துக்கு உருவம் வந்ததும் மதிக்கு அது பிடிபட்டுவிடும், மருள் போய் வெறும் அச்சம் மிஞ்சும். கொலைக்கணக்கைத் தீர்க்காமல் விடுவது அடுத்த பிழை. துப்பு முழுதும் துலங்கினால்தான் மதி போதாத இடம் தெரியும். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனால் சரிபார் என்கிறது குறள் 588. துப்பறிபவரும் அப்படியே பக்கத்துப் படகுக்குப் போய்ப் பார்க்கிறார். அதிலும் உப்புக்கோடு அதே உயரத்தில் இருக்கிறது.