பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

எங்கள் பராமரிப்பில் இருந்த ஒரு பெண் போன மாதம் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுக் காணாமல் போனார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தவர். காசநோய் என்று தெரிந்த நாளில் இருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடாதவர். நான்காவது மாதம், எடையும் ஏறியிருந்தது. திடீரென்று போனை எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் வீட்டில் பூட்டு.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஊட்டச்சத்துப் பெட்டி கொடுத்த அன்று எடுத்த போட்டோவை எங்கள் களப்பணியாளர் ஒருவர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். முகத்தை மறைத்திருக்கிறார், பெயரும் போடவில்லை. ஆனால் பச்சைக் கதவும், வாசலில் நின்ற மொபெட்டும், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காசநோய்த் திட்டத்தின் ஸ்டிக்கரும் பளிச்சென்று தெரிந்தன. அன்று சாயங்காலமே கம்பெனியில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

பதினோரு வருடமாகக் காசநோய், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வீடு தேடிப் போய் உதவும் வேலையில் இருக்கிறேன். இப்போது களப்பணியாளர்களுக்கு மேற்பார்வை. இந்த ஒரு வருடத்தில் இது மூன்றாவது சம்பவம். மூன்றிலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பெயரைத்தான் போடலையே மேடம்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஊரில் ஒருவரை அவருடைய பெயரை வைத்தா தேடுகிறோம்? "மேலத்தெருவில் டீக்கடைக்கு எதிர்வீடு", "வாத்தியார் மகள்", "துபாயில் இருந்து வந்தவர்" என்று சொல்லித்தான் தேடுகிறோம். பெயரைச் சொன்னால் முழிப்பவர்கள், "இன்னாருடைய மருமகள்" என்றதும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் "வார்டு 6, பெண், வயது 34, ஐந்து மாத கர்ப்பிணி, எச்.ஐ.வி. பாசிட்டிவ்" என்று ஒரு குரூப்பில் போட்டால் என்ன ஆகும்? வார்டு 6-இல் கர்ப்பிணிகள் மூன்று பேர் இருப்பார்கள். அதில் 34 வயதில் ஒருவர்தான். பெயரை எழுதியிருந்தால்கூட அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள். நீங்கள் எழுதியது பெயரைவிடத் துல்லியமான அடையாளம்.

எழுத்தில் மட்டும் இல்லை. தெருமுனையில் நின்று "டி.பி. மாத்திரை சாப்பிடுறாங்களே, அந்த அம்மா வீடு எது?" என்று கேட்டுக்கொண்டு போன பணியாளரை நானே பார்த்திருக்கிறேன். போர்டு மாட்டிய வண்டியை வாசலில் நிறுத்துவதும் இப்படித்தான். பட்டியலில் இருந்து பெயரை அழித்துவிட்டு, வீட்டு எண்ணையும் போன் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தையும் விட்டுவைப்பதும் இப்படித்தான். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். களத்துக்குப் போனதும் "நல்லதுக்குத்தானே" என்று ஆகிவிடுகிறது.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணிடம் பிற்பாடு கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். வேலை, கதவின் நிறம், வண்டி என்று அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மாற்றியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-இல் இருந்து கட்டாயம். தனியார் டாக்டரும் தெரிவித்தாக வேண்டும். அந்தத் தகவல் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவாகி, பொறுப்பில் உள்ள சுகாதாரப் பணியாளர்களுக்குப் போகும். அவ்வளவுதான். ஊராட்சித் தலைவருக்கும் முதலாளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல அது அனுமதி இல்லை. கூடவே வசிப்பவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், சரி. அதையும் நோயாளியிடம் பேசிய பிறகுதான் செய்கிறோம்.

எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருடைய நிலையை வெளியில் சொல்ல அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்கிறது. அந்தத் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. "நாங்கள் நோட்டில்தானே எழுதுகிறோம்" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நோட்டின் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்த நிமிடமே அது டிஜிட்டல் தரவு.

சம்மதம் என்பது முதல் நாள் வாங்கிய கைநாட்டு இல்லை. மாத்திரை கொடுக்க விவரம் வாங்கினால், அது மாத்திரை கொடுக்க மட்டும்தான். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் தனியாகக் கேளுங்கள். காசநோயாளிகளுக்கு உதவ முன்வருபவர்களைச் சேர்க்க 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில், காசநோயாளியின் சம்மதம் இருந்தால்தான் உதவி செய்பவரோடு அவரை இணைக்க முடியும். அந்தச் சம்மதத்துக்குள் போட்டோ வராது. மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் பெட்டி கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்றால் பெட்டிகளை அடுக்கி எடுங்கள். அதைச் சாப்பிடப் போகிறவரை விட்டுவிடுங்கள்.

களப்பணியாளர்களுக்கு: நோயாளிகளின் விவரப் பட்டியலான லைன் லிஸ்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது. நீங்கள் அழித்தாலும் இருபது பேருடைய கேலரியில் அது இருக்கும். ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "ரெண்டு காப்பி" என்று சொல்லாதீர்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் எத்தனை பேருடைய ரத்தப் பரிசோதனை கிடக்கிறது என்று ஒருநாள் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. கூகுள் ஷீட்டில் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். போனுக்கு லாக் போடுங்கள். பிள்ளைகள் கேம் விளையாடும் போனில் நோயாளிகளின் பட்டியல் இருக்கக் கூடாது. வேலையை விட்டு நின்றவரை அன்றைக்கே குரூப்பில் இருந்தும் ஷீட்டில் இருந்தும் எடுங்கள். வீட்டுக்குப் போவதற்கு முன் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்: வரலாமா, எப்போது வரலாம், யார் கேட்டால் என்ன சொல்லட்டும்?

நிறையக் கேட்டு வாங்குவதும் தப்பு. தேவைப்படாத ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் சொருகி வைப்பது ஏன்? காசநோயாளிக்கு அரசு தரும் நிக்ஷய் உதவித்தொகையான மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போவதால் பாஸ்புக் விவரம் வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

நம்மிடம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதற்குக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். போட்டோ வேண்டாம் என்று சொன்னால் மாத்திரை நிற்காது, பணமும் நிற்காது. ஆபா (ABHA) எனும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண்ணை எடுப்பது உங்கள் விருப்பம். அது இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. உங்கள் மருத்துவக் குறிப்பைக் கேட்டால், டாக்டர் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம், பிரசவம் ஆன தேதியும் எத்தனையாவது குழந்தை என்பதும் சரியாகச் சொல்லி, "முத்துலெட்சுமி ரெட்டி திட்டப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து வைத்துவிடுங்கள். உங்கள் விவரம் தெரிந்திருப்பதாலேயே அவர் அரசு ஆள் ஆகிவிடமாட்டார். விவரம் எங்கோ கசிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நர்ஸம்மாவிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம். வேறு மாவட்டத்தில், அக்கா வீட்டில் இருந்தார். மாத்திரை 22 நாள் விட்டுப்போயிருந்தது. அங்கேயே சிகிச்சையைத் தொடர ஏற்பாடு செய்து கொடுத்தோம். மூன்று விஷயம் சொன்னார். வீட்டுக்கு யாரும் வரக் கூடாது. ராத்திரி எட்டரைக்கு மேல்தான் கூப்பிட வேண்டும். வேறு யாராவது எடுத்தால் தையல் கிளாஸில் இருந்து பேசுவதாகச் சொல்ல வேண்டும். எனக்கும் அங்கே அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பணியாளருக்கும் மட்டும் இது தெரியும். நேற்று எட்டரை மணிக்குக் கூப்பிட்டேன். அவரே எடுத்தார். "போட்டாச்சு மேடம்" என்றார்.