கார்புரேட்டர்: எரிகலப்பி

பழைய மாருதி 800 ஒன்று விலைக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி, ‘கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா?’ என்பதுதான். முன்னது பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கருவி, பின்னது பெட்ரோலைச் செலுத்திகளால் தெளிக்கும் முறை. பட்டறையில் காப்ரேட்டர் என்று சுருங்கிவிட்ட இச்சொல்லின் வேர், லத்தீனில் கரியைக் குறிக்கும் ‘கார்போ’. பிரெஞ்சில் ‘கார்பூர்’ என்றால் கரிமச் சேர்மம். அதன் வழியே ஆங்கிலத்தில் ‘கார்புரெட்’, அதாவது கரிமம் ஏற்றுதல், என்ற வினை பிறந்தது. கார் வருமுன்பே, விளக்கு வாயுவோடு எளிதில் ஆவியாகும் எண்ணெயைச் சேர்த்துச் சுடரைப் பிரகாசமாக்கிய கருவிக்கும் இதே பெயர்தான்.

நேராகப் பெயர்த்தால் ‘கரிமமூட்டி’. கேட்பவர் பிளக்கில் படியும் கரியைத்தான் நினைப்பார். பெட்ரோலை நுண்துளிகளாக்கிக் காற்றில் உரிய அளவு கலப்பதே இதன் வேலை என்பதால் ‘எரிகலப்பி’ என்பதே பொருந்தும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், அதற்குத்தான் காற்றின் வழியை அடைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்.

இஞ்சின் இழுக்கும் காற்று ஓர் இடுங்கிய கழுத்தின் வழியே போகிறது. அங்கே வேகம் கூடி அழுத்தம் குறைவதால், பக்கத்திலுள்ள, பெட்ரோல் தேங்கும் மிதவை அறையிலிருந்து பெட்ரோல், ஜெட் எனும் நுண்துளைப் பித்தளைத் துண்டின் வழியாக மேலேறித் தெறிக்கிறது. அளவைத் தீர்மானிப்பதில் முக்கியமானது ஜெட்டின் துளை. ஆகவே அதில் தூசு அடைத்தால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெருத்துவிட்டால் பிறகு மைலேஜ் திரும்பாது. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும். ஐடிலிங்கின்போது (வண்டி நின்றபடி இஞ்சின் ஓடும்போது) கலவையைச் சரிப்படுத்தும் கலவைத் திருகைக் கழற்றுமுன் அது எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணிக்கொண்டு, மாட்டும்போது அதே அளவு திறந்து வைக்க வேண்டும். இறுக்கி மூடினால் ஊசிமுனையில் வடு விழும். அப்புறம் ஐடிலிங் சீராக இருக்கவே இருக்காது. வண்டி நின்றபின்னும் பெட்ரோல் வாடை அடித்தால் மிதவை அறைக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசியைப் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால், சோக் பாதி இழுத்தபடி இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர் இஞ்சின். மாருதிக்கு கார்புரேட்டர் செய்து தந்தவர்களில் மறைமலை நகர் யூகால் நிறுவனமும் உண்டு. அதற்குத் தொழில்நுட்பக் கூட்டு ஜப்பானின் மிக்குனி. 2000-இல் புகை விதி இறுகியபோது எம்.பி.எஃப்.ஐ. வந்தது. தமிழில் ‘பல்முனை எரிபொருள் செலுத்தல்’ எனலாம்: ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் ஒரு செலுத்தி. இதில் இரண்டு வகை. ஆறு வால்வு, நான்கு கியர் கொண்டது 37 குதிரைத்திறன். பன்னிரண்டு வால்வு, ஐந்து கியர் கொண்டது சுமார் 45. சிசி ஒன்றே என்பதால், விற்பவர் ‘800-தான் சார்’ என்று சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. கியர் குமிழில் நான்கா, ஐந்தா என்று பாருங்கள்.

அடையாளம் காண எளிய வழி உண்டு. சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து ஸ்டார்ட் செய்யாமல் காத்திருங்கள். பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று நொடி ‘ஸ்ஸ்’ என்று பம்ப் ஓடினால் எம்.பி.எஃப்.ஐ. டாஷ்போர்டில் இழுக்கும் சோக் குமிழ் இருந்தால் கார்புரேட்டர்.

பராமரிப்பில் மலிவு கார்புரேட்டர்தான், ‘ரிப்பேர் கிட்’ எனும் உதிரிப்பாகத் தொகுப்பும் ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கும் போதும். ஆனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோலுக்கு அது ஈடுகொடுப்பது கடினம். எத்தனால் எரியக் குறைந்த காற்றே வேண்டும் என்பதால், நிலையான ஜெட்டில் கலவை மெலிந்து, முடுக்கும்போது வண்டி திக்குகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டி பெட்ரோலைக் கூட்டித் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கோ ஒரு படி பெரிய மெயின் ஜெட் தேட வேண்டியிருக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரம் எனும் சவ்வையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது, ஜெட்டைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை.