வண்டியை விற்றாயிற்று, பெயர் மாறியதா?

மோட்டார் வாகன ஆய்வாளர்களான எங்களை ஊர்ப்பக்கம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். எட்டு போடச் சொல்லி லைசென்ஸ் தருகிறவர், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கிறவர் என்றுதான் பலருக்குத் தெரியும். விபத்தில் சிக்கிய வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பார்த்து அறிக்கை தருவதும் எங்கள் வேலைதான்.

பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் உண்டா, டயர் எப்படி என்று பார்ப்போம். டிராக்டர் என்றால் வயல் சேறு காய்ந்து அப்பியிருக்கும். அதைச் சுரண்டி சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை, படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சரி, படித்து ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒப்பிட்டால், அதில் உள்ள பெயர்க்காரர் வேறு எங்கோ இருப்பார். மன்னார்குடியில் எப்போதோ விற்ற வண்டி, இரண்டு மூன்று கை மாறி வேதாரண்யம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்ததும் பழைய டிராக்டர், மொபெட் வியாபாரம் சூடு பிடிக்கும். "ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பார் புரோக்கர். வண்டி கை மாறியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றுவதற்கான படிவங்கள் அவை. வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட அதுதான் அவருக்கு வசதி. விற்றவரோ பணத்தை எண்ணி வாங்கியதோடு மறந்துவிடுவார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50 என்ன சொல்கிறது? மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். தெரிவிக்காமல் விட்டால்? பல கை மாறிய ஒரு கார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவில் யார் பெயரோ, அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பிழைத்தார். பழைய மொபெட்டுக்கு யார் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறார்கள், சொல்லுங்கள்!

ஆகவே வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வண்டிக் கடன் அடைத்திருந்தால் வங்கியிடம் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்கள். அது இருக்கும்வரை பெயர் மாற்றம் இழுக்கும்.

அப்புறம், இறந்துபோன அப்பா பெயரிலேயே வண்டி ஓட்டுகிறவர்கள். இதை யாரும் விற்பனையாக நினைப்பதில்லை, அதனால் அலுவலகம் பக்கமே வருவதில்லை. இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், 3 மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் நிலப் பட்டாவுக்காக எப்படியும் எடுப்பீர்கள். அப்போதே வண்டிக்கும் ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள்.