கருங்கல் மண்டபத்தில் தீ

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குப் பகுதியில் இருந்த கடைகளில் பற்றிய தீ, நாயக்கர் காலத்து வீரவசந்தராயர் மண்டபத்தின் தூண்களையும் கூரையையும் சிதைத்தது. கருங்கல் எப்படி எரியும் என்று கேட்கத் தோன்றும். எரிந்தவை கடைச் சரக்குகள்தாம். கல் எரியவில்லை, வெந்தது.

பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரியும் கருங்கல், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அபிரகம் முதலிய கனிமப் பரல்கள் நெருங்கிப் பிணைந்த ஒரு கலவை. சூடேறும்போது இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விரிவதால், பரல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகின்றன. வெப்பம் 573 டிகிரி செல்சியஸை எட்டும்போது குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறி அது சட்டென்று பருப்பதால், அந்த வெடிப்புகள் பெருகிக் கல் தன் வலுவைப் பெருமளவு இழக்கிறது. துணியும் பிளாஸ்டிக்கும் மரச்சட்டமும் நிறைந்த ஒரு கடை எரிந்தால் இந்த வெப்பநிலையைத் தாண்டுவது அரிதன்று. மேலும், கல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே கடத்தும்; ஆகவே தீயைப் பார்த்த முகம் விரிய முயல, குளிர்ந்த உட்பகுதி அதை இழுத்துப் பிடிக்க, மேற்பரப்பு தகடு தகடாகப் பெயர்ந்து விழுகிறது. சிற்பியின் உளி பட்ட இடமும் அந்த மேற்பரப்புதான்.

தூணைவிடக் கூரைக்கே ஆபத்து அதிகம். தூண் மேலிருந்து அழுத்தப்படுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கருங்கல்லுக்கு நிகர் குறைவு. இரு தூண்களுக்கு இடையே கிடக்கும் உத்திரமும் அதன்மேல் பரப்பிய பாவுகல்லும் தம் எடையாலேயே சற்று வளைய முற்படுவதால், அவற்றின் அடிப்புறம் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. இழுவிசையைத் தாங்கும் கல்லின் வலிமை, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். தீயின் சூடு முதலில் தாக்குவதும் அதே அடிப்புறத்தை. மூன்று மீட்டர் உத்திரம் ஒன்று 500 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். இரும்புச் சட்டம் தொய்ந்து எச்சரிக்கும். கல் உத்திரம் அப்படி எதுவும் காட்டாமல் முறிந்துவிடும். எனவே சூடேறிய பாவுகல்லின் கீழ் எவரும் நிற்கலாகாது.

கல்லின் உள்ளே வெப்பம் இறங்க நேரம் பிடிக்கும் என்பதே நமக்குக் கிடைத்த அவகாசம். அந்த அவகாசத்துக்குள் புகையை அறிய வேண்டும். சாதாரணப் புகை உணர்கருவியின் சிறு அறைக்குள் ஒரு விளக்கு ஒளிர்கிறது; புகைத்துகள்கள் நுழைந்து அந்த ஒளியைச் சிதறடிக்க, சிதறிய ஒளி உணரியின்மேல் பட்டதும் மணி அடிக்கிறது. ஆனால் கற்பூரமும் சாம்பிராணியும் மணக்கும் கோயிலில் இக்கருவி நாள் முழுதும் அலறும், ஒரு வாரத்தில் யாரேனும் அதன் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். உயர்ந்த மண்டபங்களிலோ புகை ஏறும்போதே குளிர்ந்து, கூரையை எட்டாமல் நடுவழியில் தங்கிவிடுவதும் உண்டு. இதற்கு ஏற்றது, மெல்லிய குழாய்களால் காற்றைத் தொடர்ந்து உறிஞ்சி ஓரிடத்தில் லேசர் ஒளியால் சோதிக்கும் அமைப்பு. குழாய்களை வெவ்வேறு உயரங்களில் ஓட்டலாம். சிற்பங்களைத் துளையிடாமல் மறைவாகப் பொருத்தலாம். எச்சரிக்கை அளவைப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாற்றி வைக்கலாம். பள்ளியறைப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு வழிபாட்டுப் புகை அடங்கிவிடுவதால் கருவியை மிகக் கூர்மையாக வைக்க முடியும். மனிதக் கண்கள் மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுவே. பகலில் நிலைமை தலைகீழ். அங்கேயே பொழுதைக் கழிக்கும் பூ விற்பவரும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் மின்கம்பி கருகும் வாடையை எந்தக் கருவிக்கும் முன்பே உணர்ந்து விடுவார்கள். உணர்ந்ததை யாரிடம் சொல்வது, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீயை எதிர்கொள்ள ஊராருக்குத் தரும் பயிற்சி என்பது இத்தகைய சிறு விவரங்களால் ஆனது. இரவில் எந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது? தீயணைப்பு வண்டி எந்த வீதி வரை வரும், அங்கிருந்து மண்டபத்துக்கு எத்தனை குழாய்த் துண்டுகள் இணைக்க வேண்டும்? என் கருத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பகலில் படம் எடுத்துக்கொள்வதற்காக நடத்தும் ஒத்திகையைவிட, நடை சாத்திய பின் முன்னறிவிப்பின்றி நடத்தும் ஒத்திகையே இவற்றுக்கு விடை தரும். தண்ணீரிலும் கவனம் வேண்டும். கொதிக்கும் கல்லில் பீய்ச்சி அடித்த நீர் அதைச் சட்டெனச் சுருக்கி மேலும் பிளக்கும். எரியும் சரக்கை நேராகத் தாக்கி அணைப்பதும், இன்னும் சூடேறாத தூண்களை நுண்திவலைகளால் முன்கூட்டியே நனைத்து வைப்பதும் சேதத்தைக் குறைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கல்லைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

தீ அணைந்தபின் இடிபாடுகளை உடனே அள்ளிக் கொட்டிவிடலாகாது. விழுந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டால்தான் எதை ஒட்டலாம், எதைப் புதிதாகச் செதுக்க வேண்டும் என்பது தெரியவரும். நிற்கும் தூண் உறுதியானதா என்பதை மீயொலியைக் கல்லுக்குள் செலுத்தி அறிகிறார்கள்; நுண்வெடிப்பு மிகுந்த கல்லில் ஒலியின் வேகம் குறைந்துவிடும். தட்டிப் பார்த்துக் கணீரென்ற ஓசையால் நல்ல கல்லைத் தேர்ந்தெடுக்கும் நம் சிற்பிகளின் காதுக்கு இது புதிய செய்தியாக இராது.