மழையில் மூடிக்கொள்ளும் கூரை: கார்பாத்திய மரத்தேவாலயங்கள் நிற்கும் விதம்

“ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டிய 300 வருஷத்து மரக்கோவில்” என்று ஒரு படம் அவ்வப்போது கைபேசிகளில் சுற்றும். மலைச்சரிவு, பனி, நடுவில் கறுத்துப்போன ஒரு மரத்தேவாலயம். அந்தப் படத்தை அனுப்பி ஒரு வாசகர் கேட்கிறார்: ஆணியை விடுங்கள், வருஷம் பூராவும் நனைகிற ஊரில் வெறும் கட்டை எப்படி மக்காமல் நிற்கிறது?

ஆணிக் கதை பாதிதான் உண்மை. சுவருக்கு ஆணி வேண்டியதில்லை, கூரைக்கு வேண்டும். வாசகர் கேட்ட மற்றது அதைவிட நல்ல கேள்வி.

இடம், உக்ரைனின் மேற்கே கார்பாத்திய மலை. உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழும். போலந்தும் உக்ரைனும் பகிர்ந்துகொள்ளும் இந்த வட்டாரத்தின் 16 மரத்தேவாலயங்களை 2013-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் எட்டு உக்ரைனில் உள்ளன. உஷோக் கிராமத்துத் தேவாலயம் 1745-இல் கட்டியது, நிஷ்னி வெர்பிஷ் 1808, யாசின்யா 1824. த்ரோஹோபிச், பொதேலிச் ஊர்களில் இருப்பவை இவற்றைவிடப் பழையவை. மலைமக்களில் பொய்கோக்கள் மூன்று அறைகளை ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் அடுக்கடுக்காகக் கோபுரம் ஏற்றுவார்கள். ஹுட்சுல்கள் சிலுவை வடிவில் ஐந்து அறை வைத்து, நடு அறையின் மேல் எண்கோண முகடு அமைப்பார்கள். வடிவம் எதுவானாலும் அடிப்படை ஒன்றே: கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கிய பெட்டி. அதற்கு அங்கே ஸ்ருப் என்று பெயர்.

மலைமேல் ஸ்மெரேகா என்கிற ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்), தாழ்வான பகுதிகளில் ஓக். எந்த மரமானாலும் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்வதைப் பார்க்காத வீடு இல்லை. ஆனால் அந்தக் கதவு அகலத்தில்தான் உப்புகிறது, உயரத்தில் இல்லை. மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த வைக்கோல் கற்றை மாதிரி. தண்ணீர் நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குமே தவிர நீட்டாது. பச்சை ஸ்புரூஸ் முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.3 சதவீதம் அளவுக்குத்தான் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 3.6 சதவீதம், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 7.8 சதவீதம். ஒரே கட்டைக்கு மூன்று திசையில் மூன்று குணம். பள்ளிப் பாடத்தில் இதைச் சொல்லித்தருவதில்லை. தச்சுப் பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

சுவருக்கு வருவோம். படுக்கைக் கட்டைகளாலான சுவர், உயரத்தில் முழுக்கக் குறுக்குத் திசைச் சுருக்கத்தை வாங்கும். பச்சைக் கட்டையில் எழுப்பிய 5 மீட்டர் சுவர், காய்ந்து முடிப்பதற்குள் 10 முதல் 20 செ.மீ. வரை இறங்கிவிடும். நான்கு சுவரும் ஒரே முறையில் அடுக்கியவை என்பதால் கட்டடம் மொத்தமாக அமரும், கிழியாது. மாட்டிக்கொள்ளும் இடம் வாசற்கால். நிலைக்கால் நின்றவாக்கில் இருக்கும் கட்டை, அது சுருங்காது. மேலே உள்ள உத்தரக் கட்டையை அது இடைவெளியின்றி முட்டிக்கொண்டிருந்தால், காய்கிற சுவர் நிலைக்காலின் தலையில் தொங்கும். இருபுறமும் கட்டைகளுக்கு நடுவே கை நுழையும் பிளவு விழும். ஆகவே நிலைக்கு மேலே இறங்குவதற்கு வேண்டிய இடத்தை விட்டு, வெளியே ஒரு பலகையால் மறைத்துவிடுவார்கள். சுவர்க்கட்டைகளின் நுனி நிலைக்காலில் வெட்டிய நீண்ட பள்ளத்துக்குள் வழுக்கி இறங்கும். மரபுச் சீரமைப்பு என்ற பெயரில் இந்த இடைவெளியை நுரைப்பசை ஊற்றி அடைக்கிறவர்களை என்ன சொல்வது?

மூலைப் பொருத்தை அங்கே ‘தகைவிலான் வால்’ என்கிறார்கள். நம் தொழிற்பயிற்சிப் புத்தகங்களில் அதுவே புறாவால் இணைப்பு. கட்டையின் நுனி வெளிப்பக்கம் விரிந்து, உள்பக்கம் ஒடுங்கியிருக்கும். மேலே எடை ஏற ஏற அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். கோபுர அடுக்குகளும் இந்தத் தத்துவம்தான். ஸாலொம் என்னும் சாய்ந்த பகுதியில் ஒவ்வொரு கட்டையும் கீழுள்ளதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி அமர்ந்திருக்கும். சாய்ந்த சுவர் வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். நான்கு கட்டையும் மூலையில் பூட்டிய வளையமாக இருப்பதால் தள்ளுவிசை அந்த வளையத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். கல் கட்டடங்களுக்கு வைப்பதுபோல் வெளியே முட்டுச்சுவர் வைக்க வேண்டியதில்லை.

இத்தனையும் இருந்தாலும் கூரை ஒழுகினால் ஐம்பது வருஷம்கூடத் தாங்காது. இந்தக் கட்டடங்களின் உண்மையான பொறி கூரையில்தான் இருக்கிறது. ஹோந்த் என்ற மர ஓடு அது. பார்த்தால் ஒரு சாதாரணப் பலகைத்துண்டு: நீளம் 50 முதல் 60 செ.மீ., அகலம் 8 முதல் 12 செ.மீ. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவம். ஒரு விளிம்பு 2 செ.மீ. கனம், மறுவிளிம்பு அரை செ.மீ.தான். கனத்த விளிம்பில் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். பக்கத்து ஓட்டின் மெல்லிய விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் நாக்குப்போல நுழையும்.

அந்த ஆப்பு வடிவத்தை யாரும் செதுக்கிக் கொண்டுவரவில்லை, மரமே கொடுக்கிறது. 40 செ.மீ.க்குக் குறையாத விட்டமும் கணுவில்லாத அடிப்பாகமும் உள்ள மரமாகத் தேடுவார்கள். பட்டையின் கோடுகள் முறுக்கிக்கொண்டு ஏறினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும். அந்த மரம் விறகுக்குத்தான். நேர்நார் மரத்தை ஓட்டின் நீளத்துக்குத் துண்டு போட்டு, ஆப்பு அடித்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போவார்கள், தர்பூசணிக் கீற்று போடுவதைப்போல. வட்டத்தின் கீற்று என்பதால் நடுத்தண்டுப் பக்கம் மெல்லியது, பட்டைப் பக்கம் கனம். நடுத்தண்டையும் பட்டையை ஒட்டிய வெளிறையும் கழித்துவிட்டு, இரண்டு கைப்பிடிக் கத்தியால் சீவினால் ஓடு தயார். பள்ளம் வெட்டுவது மட்டும் தனி வேலை.

ரம்பத்தால் அறுத்தால் நாளைக்கு ஆயிரம் ஓடு போடலாமே, ஏன் பிளக்க வேண்டும்? ஸ்புரூஸின் நார்ச் செல்கள் 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல்கள். பிளவு இந்தக் குழல்களுக்கு இடையே ஓடும். மேல்பரப்பில் குழல்கள் முழுதாகப் படுத்திருக்கும், தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். ரம்பத்துக்கு நாரின் போக்கு தெரியாது. அது குழல்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும், வெட்டுப்பட்ட வாய் ஒவ்வொன்றும் தண்ணீரை உறிஞ்சும். இது முதல் காரணம்.

இரண்டாவது, பிளந்த ஓட்டின் அகலம் ஆரத்திசையில் அமைகிறது. சுருக்கம் பாதியாக இருக்கிற திசை அது. மரத்தின் ஓரத்தில் தட்டையாக அறுத்த பலகை வளையத்திசையில் இருமடங்கு அசையும். ஒரு முகத்துக்கும் மறு முகத்துக்கும் சுருக்கம் வேறுபடுவதால் நம்மூர் நாட்டு ஓடுபோல வளைந்தும்கொள்ளும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கோடை வெயிலில் ஓட்டின் ஈரம் 12 சதவீதம் வரை இறங்கலாம். நல்ல மழையில் செல் சுவர்கள் நிறைந்து 28 சதவீதத்தைத் தொடும். அந்த வித்தியாசத்துக்கு ஆரத்திசையில் சுமார் 2 சதவீதம் உப்பல். 10 செ.மீ. அகல ஓட்டுக்கு 2 மில்லிமீட்டர். காய்ந்த நாளில் ஓடுகளுக்கு நடுவே அந்த 2 மில்லிமீட்டர் திறந்திருக்கும், காற்று புகுந்து கூரையின் உட்புறம் உலரும். மழை பிடித்ததும் ஓடுகள் உப்பி நெருங்கும். நாக்கு ஒன்றரை செ.மீ. பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் நகர்கிறதே தவிர ஒருபோதும் வெளியே வந்துவிடாது. அடுத்த வரிசை மேலே ஏறி, எந்த இடத்திலும் இரண்டு ஓட்டுக் கனம் இருக்கும்படி வேய்வதால், மூடிக்கொள்ளும் முன் புகுந்த முதல் சில துளிகளைக் கீழ் அடுக்கு வாங்கி வெளியே விட்டுவிடும். மின்சாரம் இல்லை, உணர்கருவி இல்லை. நனைய வேண்டியதே நனைந்து கதவைச் சாத்திக்கொள்கிறது.

நல்ல ஹோந்த் கூரைக்குக் கீழே வெயில் நேரத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் அங்கங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரியும். விவரம் தெரியாதவர்கள் ஓட்டை என்று பதறி உடனே தார் வாங்கிவருவார்கள். தார் பூசினால் ஓடு அசையாது, உலராது. சில வருஷத்தில் உள்ளிருந்து மக்கும்.

வேய்வதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஓட்டுக்கு ஒரே ஓர் ஆணி, அதுவும் மேல்நுனிப் பக்கம், அடுத்த வரிசை மறைக்கிற இடத்தில். அகலவாக்கில் இரண்டு ஆணி அடித்தால் இரண்டு விளிம்பும் கட்டுண்டு, காயும்போது ஓடு நடுவில் பிளக்கும். பள்ளத்தின் வாய், மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் திரும்பியிருக்க வேண்டும்; தவறினால் காற்றே தண்ணீரைப் பள்ளத்துக்குள் ஊட்டிவிடும். ஓட்டுக்குக் கீழே இடைவெளி விட்ட சட்டங்கள்தான் வரவேண்டும், நெருக்கமான பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ கூடாது.

மரத்தைக் குளிர்காலத்தில், தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய மலைநாடுகளில் உண்டு. நம்மூர் மூங்கில்காரர்களும் இதையே சொல்வார்கள். குளிர்காலம் சரி: பூஞ்சையும் வண்டும் முடங்கியிருக்கும், கட்டை வெடிக்காமல் மெதுவாக உலரும், பனியில் சறுக்கி இறக்குவதும் எளிது. நிலாவுக்கு இதில் வேலையில்லை. நாள் பார்ப்பதால் கெடுதலில்லை என்று விடலாம்தான். ஆனால் நாள் பார்த்து வெட்டிய மரத்தை முறுக்குநார் பார்க்காமல் வாங்குகிறார்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது.

சுவரில் பசையோ ஆணியோ இல்லாததால் இன்னொரு லாபம்: தேவாலயத்தையே கழற்றி எடுத்துப்போகலாம். கட்டைகளுக்கு எண் போட்டு, மேலிருந்து கீழாகப் பிரித்து, கீழிருந்து மேலாக அடுக்கினால் முடிந்தது. த்ரோஹோபிச்சின் புனித ஜார்ஜ் தேவாலயத்தை 17-ஆம் நூற்றாண்டில் நதியிவ் என்ற ஊரிலிருந்து உப்புக்கு மாற்றாக வாங்கி வந்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு. த்ரோஹோபிச் உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஊர். 1763-இல் கிரிவ்கா கிராமத்தில் கட்டிய தேவாலயம் 1930-இல் லிவிவ் நகருக்கு வந்தது. இன்று அங்குள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முகாச்சேவோ வட்டாரத்துத் தேவாலயம் ஒன்று 1929-இல் பிராக் நகரப் பூங்காவுக்கே போய்ச்சேர்ந்தது. அது 2020 அக்டோபரில் தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. நீரைச் சமாளிக்கிற இந்த ஏற்பாட்டில் நெருப்புக்குப் பதில் இல்லை.

மடங்களிலும் இதே மரவித்தைதான். 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் யோவ் க்ன்யாஹினித்ஸ்கி நிறுவிய மன்யாவா துறவிமடம் கல்மதிலுக்குள் இருந்தது. 1785-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆட்சியில் மூடப்பட்டது. அங்கிருந்த மாபெரும் திருவுருவத் தடுப்பு (பலிபீடத்தை மறைத்து நிற்கும் ஓவியப் பலகைச் சுவர்) பொஹொரொத்சானி என்ற ஊருக்குப் போய், கடைசியில் லிவிவ் அருங்காட்சியகத்தில் அடைக்கலமானது. அதுபோன்ற ஓவியப் பலகைகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் குறுக்கே இரண்டு சட்டங்கள் புறாவால் பள்ளத்தில் செருகியிருக்கும். பசை கிடையாது. பலகை வளையாமல் சட்டம் பிடித்துக்கொள்ளும், சுருங்க வேண்டும்போது பலகை அதன்மேல் வழுக்கும். பிற்காலத்தில் யாராவது அந்தச் சட்டத்தை ஒட்டிவைத்திருந்தால் ஓவியத்தின் நடுவே நெடுக ஒரு வெடிப்பு காத்திருக்கும்.

கெடுவது எங்கே? மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை தலையெடுக்காது. ஆகவே முதலில் போவது தரையை ஒட்டிய அடிச்சட்டம். பழைய தச்சர்கள் அதற்கு ஓக் போட்டு, கல்லின்மேல் ஏற்றிவைத்தார்கள். சுவரின் இடுப்பளவில், ஒபசான்யா என்ற தாழ்வாரத்தைச் சுற்றிலும் ஓடவிட்டார்கள். அதைத் தாங்குவது தனியாகச் செருகிய கட்டை அல்ல. மூலைக் கட்டைகளையே அந்த உயரத்தில் வரிசைக்கு வரிசை நீட்டிவிட்டிருப்பார்கள். கூரைத்தண்ணீர் அடிச்சட்டத்தில் தெறிக்காமல் தள்ளிப்போய் விழும். இன்றைக்குச் சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு அழகு பார்க்கிறார்கள். விழுந்த தண்ணீர் தளத்தில் மோதி எகிறிக் கட்டைக்கே திரும்புகிறது.

அதைவிட மோசம் தகரம். ஹோந்தைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், பிளக்கத் தெரிந்த கையும் குறைந்துவிட்டது. பளபளக்கும் தகட்டை ஒருமுறை அடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று பல ஊர்கள் கூரையோடு சுவரையும் மூடிவிட்டன. இரவில் தகடு குளிர்ந்து, கீழ்முகத்தில் பனித்துளி கோர்க்கும். அது கட்டையில் சொட்டும், உலர வழியில்லை. மக்குவது வெளியே தெரியவும் தெரியாது. கட்டையில் குத்தி ஈரத்தை அளக்கும் ஊசிமுனை ஈரமானி ஒன்றின் விலை, ஒரு தங்கநிற முகட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் பணம் முகட்டுக்குத்தான் போகிறது, புகைப்படத்தில் விழுவது அதுதானே.

தகட்டை எடுத்துவிட முடிவெடுக்கும் ஊர்கள் அவசரப்படக் கூடாது. முதலில் தாழ்வாரத்துக்கு மேலே ஓரிரு தகடுகளை மட்டும் கழற்றி, வடபுறச் சுவரின் கட்டைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெயில் குறைவான பக்கம் என்பதால் நோய் அங்கேதான் தொடங்கும். கணீரென்றால் விட்டுவிடலாம். பொத்தென்று ஒலிக்கிற கட்டையை அடையாளமிட்டு, திருகுதூக்கியால் மேல்சுவரைச் சில செ.மீ. உயர்த்தி, அந்த ஒன்றை மட்டும் உருவி, அதே மர வகையில் புதிதாக ஒன்றைச் செருகலாம். பசையால் ஒட்டிய கட்டடமாக இருந்தால் இது நடக்காது.