புதுச்சேரி எம்.எல்.ஏ. எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்?

2021 பிப்ரவரி 22 அன்று புதுச்சேரி சட்டப்பேரவையில் முதல்வர் நாராயணசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். வரிசையாக வந்த ராஜினாமாக்களும் ஒரு தகுதிநீக்கமும் போக, அவையில் மிஞ்சியிருந்தவர்கள் 26 பேர். ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்த 14 பேரில் மூன்று பேர் எந்தத் தொகுதியிலும் நின்று ஜெயித்தவர்கள் அல்ல, மத்திய அரசு நியமித்தவர்கள். அவர்களை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட்டால் இரு பக்கமும் 11 பேர், சமநிலையில் மட்டும் வாக்களிக்கக்கூடிய சபாநாயகர் ஒருவர். வாக்கெடுப்பு நடக்கும் முன்பே முதல்வர் வெளிநடப்புச் செய்தார். அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாக சபாநாயகர் அறிவித்தார்.

மக்கள் ஓட்டுப் போடாத மூன்று பேர் ஓர் அரசின் தலையெழுத்தை எப்படித் தீர்மானிக்க முடியும்? அன்றைக்குப் பலரும் கேட்ட கேள்வி இது. இதற்கான பதில் 1963-ல் நாடாளுமன்றம் இயற்றிய யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரி எம்.எல்.ஏ. ஒருவர் எப்படி வருகிறார், எதைப் பேசலாம், எப்போது பதவி போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

பார்வைக்குத் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வும் புதுச்சேரி எம்.எல்.ஏ.வும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பேரவை அரசமைப்புச் சட்டத்திலேயே ஊன்றி நிற்கிறது. புதுச்சேரிக்கு அப்படி இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி மாற்றம் முடிந்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 14-வது திருத்தத்தின் மூலம் அதில் 239ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. “யூனியன் பிரதேசத்துக்குப் பேரவை ஒன்றை நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கலாம்” என்பதுதான் அதன் சாரம். அதன்படி வந்ததே 1963-ம் ஆண்டுச் சட்டம். அதுவரை இருந்த 39 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 1963 ஜூலை 1 முதல் சட்டப்பேரவை ஆனது. இதனால் வரும் விளைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே திருத்திவிடலாம், அரசமைப்புத் திருத்தத்துக்கான நடைமுறை தேவையில்லை.

சரி, பேரவையில் யார் யார்? தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 30 பேர். புதுச்சேரிப் பகுதியில் 23 தொகுதிகள், காரைக்காலில் 5, மாஹேயிலும் ஏனாமிலும் தலா ஒன்று. திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு ஆகிய ஐந்தும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், யூனியன் பிரதேசத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காரைக்கால் வாக்காளர் மாஹேயில் நிற்கத் தடை ஏதும் இல்லை.

இந்த 30 பேருக்கு மேல் வருபவர்கள்தான் நியமன எம்.எல்.ஏ.க்கள். சட்டத்தின் 3-வது பிரிவு, அரசுப் பணியில் இல்லாத, மூன்று பேருக்கு மிகாதவர்களை மத்திய அரசு உறுப்பினர்களாக நியமிக்கலாம் என்று சொல்கிறது. அவ்வளவுதான். அவர்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்க வேண்டுமா, கட்சிக்காரரை நியமிக்கலாமா என்று எதுவும் அதில் இல்லை. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேருக்காவது இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று ஒரு வரையறை உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

இந்த மௌனம்தான் 2017-ல் வழக்காக வெடித்தது. அந்த ஆண்டு ஜூலையில் பா.ஜ.க.வைச் சேர்ந்த மூன்று பேரை மத்திய அரசு நியமித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். சபாநாயகர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்கவில்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2018 மார்ச்சில் நியமனம் செல்லும் என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்று அதை உறுதி செய்தது. தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, நியமனத்துக்குப் புதுச்சேரி அமைச்சரவையின் பரிந்துரையோ ஒப்புதலோ தேவையில்லை. இன்னொன்று, வாக்களிப்பு பற்றிப் பேசும்போது சட்டம் ‘உறுப்பினர்கள்’ என்று மட்டுமே சொல்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றும் நியமிக்கப்பட்டவர் என்றும் பிரிக்கவில்லை. ஆகவே நிதிநிலை அறிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் உட்பட எல்லாவற்றிலும் நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு.

அவர்களால் வாக்களிக்க முடியாத இடங்களும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலிலும், புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடத்துக்கான தேர்தலிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். அதாவது குடியரசுத் தலைவருக்கு ஓட்டுப் போட முடியாத ஒருவர், உள்ளூர் அரசைக் கவிழ்க்க ஓட்டுப் போடலாம். இது சரியில்லை என்பது என் திடமான எண்ணம். 234 பேர் அவையில் மூன்று வாக்குகள் பெரும்பாலும் கணக்கில் கரைந்துபோகும். 33 பேர் அவையில் மூன்று வாக்குகள் என்பது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. 2021 தேர்தலில் பா.ஜ.க. 6 இடங்களில் வென்றது, மே மாத நியமனங்களுக்குப் பிறகு அதன் பலம் 9 ஆனது. எந்தக் கட்சி மத்தியில் இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு, தொகுதிக்குப் போய் மக்களிடம் கைகூப்பி நின்றவர்களுக்கு அது நியாயமா என்பது வேறு.

அப்புறம், பதவி எப்போது போகும்? நாடாளுமன்றத்திலும் பேரவையிலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால், இடம் காலியானதாகப் பேரவை அறிவிக்கலாம். இந்த 60 நாளில் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலமும் சேராது. அதனால் ஆண்டுக்குச் சில நாட்களே கூடும் அவையில் இந்த விதிக்குப் பல் குறைவு. குற்ற வழக்கில் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றால், 2013-ல் உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு உடனே பதவி பறிபோகும். மேல்முறையீடு செய்ய மூன்று மாத அவகாசம் என்ற பழைய பாதுகாப்பு இப்போது இல்லை.

ஆதாயம் தரும் பதவி, அதாவது அரசின் கீழ் பலன் தரும் வேறொரு பதவி, வகிப்பதாகப் புகார் வந்தால் யார் முடிவு செய்வது என்பதில் மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் ஆளுநர் முடிவு செய்வார். புதுச்சேரியில் துணைநிலை ஆளுநருக்கு அந்த வேலை இல்லை, குடியரசுத் தலைவர்தான் முடிவு செய்வார். இரண்டு இடத்திலும் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே நடக்க வேண்டும்.

கட்சித் தாவல் விஷயம் சபாநாயகரிடம் போகும். கட்சித் தாவலைத் தடுக்கும், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, 1963-ம் ஆண்டுச் சட்டத்தின் 14ஏ பிரிவின் மூலம் புதுச்சேரிக்கும் பொருந்துகிறது. கட்சிச் சின்னத்தில் வென்றவர் தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ பதவி இழப்பார். சுயேச்சையாக வென்றவர் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது. எந்தக் கட்சியிலும் இல்லாத நியமன உறுப்பினருக்கு மட்டும் ஆறு மாத அவகாசம் உண்டு, அதற்குள் ஒரு கட்சியில் சேரலாம். நியமிக்கப்படும்போதே கட்சிக்காரராக இருந்தால் அந்தக் கட்சி உறுப்பினராகவே கருதப்படுவார். 2021-ல் சுயேச்சைகள் ஆறு பேர் ஜெயித்த அவையில் இந்த விதி வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. ஆதரவு தரலாம், கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். அந்த நூலிழையில்தான் அவர்கள் நடக்க வேண்டியிருந்தது.

அவைக்குள் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எந்த உறுப்பினர் மீதும் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. இந்தப் பாதுகாப்பு மாநிலங்களைப் போலவே இங்கும் உண்டு. ஆனால் பேச்சுக்கு ஒரு கூடுதல் வேலியும் இருக்கிறது. துணைநிலை ஆளுநர் தம் விருப்பப்படி செயல்பட வேண்டிய விவகாரங்களில் விவாதத்தையோ கேள்வியையோ தடுக்கும் விதிகளை, சபாநாயகரைக் கலந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன், துணைநிலை ஆளுநரே இயற்றலாம். அவை நடப்பதற்குக் குறைந்தபட்ச வருகையும் வேறு அளவு: மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33-க்கு 11 பேர். மாநிலங்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது பத்துப் பேர், இதில் எது அதிகமோ அது போதும்.

எம்.எல்.ஏ.க்கள் நிறைவேற்றும் மசோதா சட்டமாக, துணைநிலை ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும், அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயமாகவே இருந்தாலும் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆண்டு நிதிநிலை அறிக்கையைக்கூட குடியரசுத் தலைவரின் முன்அனுமதியோடுதான் அவையில் வைக்க முடியும். தொகுதியில் ஒரு பாலமோ பள்ளிக் கட்டடமோ தாமதமாகும்போது எம்.எல்.ஏ. “கோப்பு டெல்லியில் இருக்கிறது” என்று சொன்னால், அது எப்போதும் சாக்கு அல்ல.

பெண்களுக்கான இடம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 தேர்தலில் 30 பேரில் நெடுங்காட்டில் வென்ற சந்திர பிரியங்கா ஒருவரே பெண். 2023-ல் வந்த 106-வது அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கும் டெல்லிக்கும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு கொண்டுவந்தது. புதுச்சேரி தனிச் சட்டத்தில் இயங்குவதால் அது இங்கே தானாகப் பொருந்தவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் 1963-ம் ஆண்டுச் சட்டத்தையும் தனியாகத் திருத்த வேண்டிவந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு வந்த திருத்தம் அது. மூன்றில் ஒரு பங்கு என்றால் 30-க்கு 10 இடங்கள்.

வாக்காளராகிய நீங்கள் இதில் என்ன செய்யலாம்? உங்கள் உறுப்பினர் ஆதாயப் பதவியில் இருக்கிறார் என்று ஆதாரம் இருந்தால், குடியரசுத் தலைவருக்கு மனு எழுதலாம். அது தேர்தல் ஆணையத்தின் கருத்துக்குப் போகும். கட்சி மாறிவிட்டார் என்றால் சபாநாயகரிடம் மனு கொடுக்கலாம். சக எம்.எல்.ஏ.தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அக்கறையுள்ள எவரும் கொடுக்கலாம் என்று 2013-ல் ஒடிசா பேரவை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவை சபாநாயகர் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடக் கூடாது என்பதற்காக, 2020-ல் மணிப்பூர் வழக்கில் மூன்று மாதம் என்ற கால அளவையும் அதே நீதிமன்றம் குறித்தது. மனு கொடுத்த தேதிக்கு அலுவலக முத்திரையோடு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தை எண்ணத் தொடங்க அந்த ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.