மாற்றுப் பாதை இருந்தும் நின்றுபோகும் எடைமேடை

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளில் நெட்வொர்க் படுத்துவிட்டால் அது முதலில் தெரிவது எடைமேடையில்தான். குலை ஏற்றி வந்த லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். “தம்பி, ரசீது வரவில்லை” என்று கிராணி (எழுத்தர்) அழைக்கும்போது அவர் குரலிலேயே லாரிகளின் எண்ணிக்கை தெரியும்.

காண் (வடிகால்) வெட்ட வந்த இயந்திரம் ஃபைபர் கேபிளை அறுத்திருக்கும், அல்லது பிற்பகல் இடி எதையாவது சுட்டிருக்கும். அதில் வியப்பில்லை. மைக்ரோவேவ் மாற்று இணைப்பு உயிரோடு இருக்கிறது, ஸ்விட்சிலிருந்து தலைமை அலுவலக ஸ்விட்சுக்குப் பிங் (எதிர்முனை எட்டுகிறதா என்ற சோதனை) போகிறது, ஆனாலும் எடைமேடையின் விபிஎன் (தனிப் பிணையம்) தரவு நகரவில்லை என்பதுதான் பலரைக் குழப்புகிறது. இப்படிப்பட்ட இடங்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது டன்னல் பாலிசியை, அதாவது விபிஎன் தரவு எந்தப் பாதையில் போக வேண்டும் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் விதியை.

தரவில் லேபிள் ஒட்டி வழிநடத்தும் ஹுவாவே வகை எம்பிஎல்எஸ் ஸ்விட்சுகளில் பாலிசி எதுவும் எழுதாவிட்டால் விபிஎன் தரவு சாதாரண எல்எஸ்பி (லேபிள் பாதை) ஒன்றில் போகும். ஃபைபர் அறுந்தால் ரூட்டிங் வேறு வழி கண்டதும் எல்எஸ்பியும் அந்த வழிக்கு மாறிக்கொள்ளும். எடைமேடைக்குத் தனி அலைவரிசை வேண்டும் என்று யாராவது டிஇ டன்னல் (பாதையையும் அலைவரிசையையும் நாமே வரையறுக்கும் லேபிள் பாதை) அமைத்து, விபிஎன்னை அதோடு பிணைத்துவிடும்போதுதான் கதை மாறுகிறது. அந்த டன்னலின் பாதை ஃபைபர் வழியாக மட்டுமே வரையறுக்கப்பட்டிருந்தால் ஃபைபரோடு அதுவும் விழும். பிணைப்புக் கட்டளையில் ‘டவுன்-ஸ்விட்ச்’ (டன்னல் விழுந்தால் வேறு பாதைக்கு மாறு) சேர்க்கப்படாவிட்டால் பக்கத்திலேயே எல்எஸ்பி தயாராக நின்றாலும் ஸ்விட்ச் அதைத் தொடாது. சொன்னதைத்தான் செய்கிறது, பாவம்.

பிணைப்புக்குப் பதிலாக முன்னுரிமை வரிசையும் எழுதலாம்: முதலில் சிஆர்-எல்எஸ்பி (டிஇ டன்னலின் பாதை), அடுத்து எல்எஸ்பி. ஒரே பாலிசிக்குள் பிணைப்பையும் வரிசையையும் கலக்க முடியாது. பெரும்பாலான தோட்ட அலுவலகங்களுக்கு வரிசையே போதும் என்பது என் கருத்து. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. சுமைப் பகிர்வு எண்ணை (தரவைப் பங்கிடும் பாதைகளின் எண்ணிக்கையை) 2 என்று வைத்து, சிஆர்-எல்எஸ்பி ஒன்றுதான் இருந்தால், இரண்டாவது இடத்தை எல்எஸ்பி நிரப்பிவிடும். தனி அலைவரிசைக்காகக் காசு கொட்டிவிட்டு, பாதித் தரவை எல்எஸ்பியில் போகும் கண்காணிப்புக் கேமராக்களின் தரவோடு முட்டி மோத விடுவதாகும் அது. எண்ணிக்கை 1 என்றே இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். எல்எஸ்பியும் டிஇ டன்னலும் ஒருவழிச் சாலைகள். ஆலை முனையில் மட்டும் பாலிசி எழுதினால் போகும் தரவுக்குத்தான் அது பொருந்தும்; பதில் வரும் வழியைத் தலைமை அலுவலக ஸ்விட்ச்தான் தீர்மானிக்கும். பாலிசியை எழுதினால் மட்டும் போதாது, உரிய விபிஎன் இன்ஸ்டன்ஸில் (ஸ்விட்சுக்குள் அந்த விபிஎன்னுக்கான தனி ரூட்டிங் பகுதியில்) பொருத்தவும் வேண்டும். பிணைப்பில் கொடுக்கும் சேருமிட முகவரி, பிஜிபியில் (ஸ்விட்சுகள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) அடுத்த தாவலாக வரும் எதிர்முனை லூப்பேக்கோடு (அந்த ஸ்விட்சின் நிலையான உள் முகவரியோடு) ஒத்துப்போக வேண்டும்.

இவற்றைக் காகிதத்தில் சரிபார்த்தால் போதாது. ஆலை பராமரிப்புக்காக நிற்கும் நாளில் டிஇ டன்னலை வேண்டுமென்றே இறக்கி, அந்த விபிஎன்னுக்குள்ளிருந்தே பிங் செய்து பாருங்கள். ஸ்விட்சின் பொது ரூட்டிங்கிலிருந்து பிங் செய்வது இங்கே எதையும் நிரூபிக்காது. மாற்று வழியில் போகும்போது ஒரு ரசீதும் அடித்துப் பார்த்துவிட்டு, டன்னலை ஏற்றி, தரவு பழைய வழிக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

எந்த டன்னலைத் தேர்ந்தெடுத்தாலும் எம்பிஎல்எஸ் தரவை மறையாக்கம் செய்வதில்லை. தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலும் இதே வழியில் போகிறது என்றால், அதற்கு ஐபிசெக் என்ற மறையாக்கத்தைத் தனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.